ஒயிட் ஹீட்: கொள்ளைக்காரன் அம்மா மடியில் உட்காரலாமா?

பிப்ரவரி 8, ஒரு வாசகரின் கேள்வி

கேங்ஸ்டர் படம் என்றால் 1949-ல் வந்த 'ஒயிட் ஹீட்'தான் என்று ஆளாளுக்குச் சொல்கிறீர்களே என்று நேற்று உட்கார்ந்தேன். ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே பெரிய தாதா தலைவலி என்று சொல்லி அம்மா மடியில் ஏறி உட்காருகிறார். சிரிப்பு வந்துவிட்டது, நிறுத்திவிட்டேன். கறுப்பு வெள்ளை என்பதற்காகவே மரியாதை தரவேண்டுமா? இதில் ரசிக்க என்ன இருக்கிறது?

பிப்ரவரி 8, இரவு

நிறுத்தியது தப்பான இடத்தில். இன்னும் முக்கால் மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால் ஜெயில் சாப்பாட்டுக்கூடம் வந்திருக்கும்.

சிரித்ததில் குற்றமில்லை. நானும் சிரித்தவன்தான். முதலில் பார்த்தது தொண்ணூறுகளில், டி.என்.டி.யில். பகலெல்லாம் கார்ட்டூன் நெட்வொர்க்காக இருக்கிற சேனல் இரவானால் டி.என்.டி. ஆகி, பழைய ஹாலிவுட் படங்களாகப் போட்டுத் தள்ளும். டாம் அண்ட் ஜெர்ரி முடிந்தும் தூங்கப் போகாத பையன்கள் பலர், இந்தப் படத்தில் அந்தத் தாதாவாக நடித்த ஜேம்ஸ் கேக்னியிடம் மாட்டியது இப்படித்தான். வசனம் பாதி புரியவில்லை. ஆனால் அந்தக் கட்டையான ஆள் அறைக்குள் நுழைந்தால் மற்றவர்கள் ஏன் சுவரோரம் ஒதுங்குகிறார்கள் என்பது புரிந்தது.

கடைசியில் பெட்ரோல் டேங்க் மேல் ஏறி நின்று "டாப் ஆஃப் தி வேர்ல்ட், மா!" என்று கத்திக்கொண்டே வெடித்துச் சிதறுவார். அதற்காகவாவது முழுசாகப் பாருங்கள்.

பிப்ரவரி 9

நேற்று எழுதியதில் இரண்டு தப்பு. யாரும் சுட்டிக்காட்டும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

வசனம் அப்படி இல்லை. "மேட் இட், மா! டாப் ஆஃப் தி வேர்ல்ட்!" என்பதுதான் சரி. உலகமே தப்பாகத்தான் சொல்கிறது, நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். கேக்னிக்கு இது புதிதும் இல்லை. மிமிக்ரி செய்கிறவர்கள் அத்தனை பேரும் அவர் வாயில் வைக்கும் "யூ டர்ட்டி ராட்" என்பதை அவர் எந்தப் படத்திலும் அப்படியே சொன்னதில்லை. 1932-ல் வந்த 'டாக்ஸி!'யில் கிட்டத்தட்ட அதைப்போல ஒன்று சொல்வார், அவ்வளவுதான்.

ஆனால் இங்கே அந்தத் தப்பு சும்மா விடக்கூடியதில்லை. 'மேட் இட்' போய்விட்டால் அது வெறும் வீராப்பு. அதோடு சேர்த்துக் கேட்டால், ரேங்க் கார்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருமுனையிலிருந்தே "அம்மா, பாஸாயிட்டேன்" என்று ஓடிவரும் பையனின் குரல். 'டாப் ஆஃப் தி வேர்ல்ட்' என்பது முதலில் அம்மா சொன்ன வார்த்தை. கொள்ளையடித்துவிட்டு மலைக்குடிலில் ஒளிந்திருக்கும்போது, தலைவலி தணிந்த மகன் கையில் ஒரு கிளாஸ் விஸ்கியைக் கொடுத்து, "டாப் ஆஃப் தி வேர்ல்ட், மகனே" என்பாள். கடைசிக் காட்சியில் அவன் அதை அவளிடமே திருப்பிச் சொல்கிறான். கேட்க அவள் உயிரோடு இல்லை.

இரண்டாவது, அது பெட்ரோல் டேங்க் இல்லை. ரசாயன ஆலையில் வாயுவை அடைத்து வைக்கும் பெரிய இரும்பு உருண்டை.

பிப்ரவரி 9, மாலை

"1949-ல் இதெல்லாம் பெரிய புதுமையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை, பழமை. அதுதான் விஷயமே.

கேங்ஸ்டர் படத்துக்கு அலை அடித்தது 1931, 32-ல். அமெரிக்காவில் மதுவிலக்கு 1920-ல் தொடங்கி 1933 வரை நடந்தது, கள்ளச்சாராயக் கும்பல்கள் தினம் பேப்பரில். 'லிட்டில் சீசர்', 'தி பப்ளிக் எனிமி', 'ஸ்கார்ஃபேஸ்' எல்லாம் அந்தச் சூட்டில் வந்தவை. 'பப்ளிக் எனிமி'தான் கேக்னியை நட்சத்திரமாக்கியது. 1934-ல் தணிக்கை விதிகளை இறுக்கினார்கள், கொள்ளைக்காரனை நாயகனாகக் காட்ட வழியில்லை. கேக்னியின் ஸ்டுடியோவான வார்னர் என்ன செய்தது? அதே கேக்னியை அடுத்த வருடமே 'ஜி மென்' படத்தில் போலீஸ் பக்கம் நிறுத்தித் துப்பாக்கியைக் கொடுத்தது. நம் ஊரில் வில்லன் நடிகர் திடீரென்று ஏ.சி.பி.யாக வருவதுபோல.

'யாங்கி டூடுல் டேண்டி'யில் ஆடிப்பாடி ஆஸ்கர் வாங்கி, வார்னரை விட்டு வெளியேறி, தம்பியோடு சேர்ந்து சொந்தக் கம்பெனி நடத்தி, அது சரிவராமல் திரும்பி வந்தபோது அவருக்குக் கிட்டத்தட்ட 50 வயது. தொந்தி விழத் தொடங்கியிருந்தது. திரும்பவும் கேங்ஸ்டர் வேடம். விரும்பிப் போனமாதிரி தெரியவில்லை. ஆனால் வந்தவர் சும்மா வரவில்லை: இவனைப் பைத்தியமாகவே ஆக்கிவிடுவோம் என்று யோசனை சொன்னதே அவர்தான்.

இயக்குநர் ரவுல் வால்ஷ். ஒற்றைக் கண்ணர். 1928-ல் ஒரு படவேலையாகக் காரில் போகும்போது முயல் ஒன்று கண்ணாடியில் வந்து மோதி வலது கண் போனது. நான் கட்டிவிடவில்லை, உண்மை. ஒரு கண்ணால் பார்த்தவர் எடுத்த படத்தை இரண்டு கண்ணால் பார்த்தும் நமக்குப் பாதி தெரியவில்லை.

பிப்ரவரி 12

சனிக்கிழமை மறுபடி போட்டேன். அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஆங்கிலம் தெரியாது, சப்டைட்டில் படிக்கக் கண்ணாடி வேண்டும், கண்ணாடி வேறு அறையில். "நீ பாரு, நான் சும்மா உக்காந்திருக்கேன்" என்றார்.

சாப்பாட்டுக்கூடக் காட்சியை முழுசாகச் சொல்கிறேன், பார்க்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

கேக்னி நடிக்கும் தாதாவின் பெயர் கோடி ஜாரெட். அவன் ஜெயிலுக்கு வந்ததே ஒரு தந்திரம். ரயில் கொள்ளையில் நாலு பேர் செத்திருக்கிறார்கள், மாட்டினால் மரண தண்டனை. அதனால் அதே நாளில் இலினாயில் நடந்த ஒரு சின்னத் திருட்டைத் தான்தான் செய்தேன் என்று தானாகப் போய் ஒப்புக்கொள்கிறான். திருட்டுக்குச் சில வருடம் உள்ளே; கொலைக்கு 'நான் அங்கே இல்லையே' என்று சாட்சி. வெளியே கும்பலை அம்மா பார்த்துக்கொள்கிறாள்.

இப்போது கூடம். நீளநீளமான மேஜைகள், வரிசை வரிசையாகக் கைதிகள், யாரும் பேசக்கூடாது. அன்று புதிதாக வந்திருக்கும் கைதிகளில் தெரிந்த முகம் ஒன்று, நாலைந்து பேர் தள்ளி. 'அம்மா எப்படி இருக்காங்கன்னு கேளு' என்று பக்கத்து ஆளின் காதில் சொல்கிறான் கோடி. அவன் அடுத்தவன் காதில். அவன் அதற்கடுத்தவன் காதில். கேமரா அந்தக் கேள்வியோடே நகர்ந்து போகிறது. புதிய ஆளிடம் போய்ச் சேர்கிறது. அவன் தயங்குகிறான். அப்புறம் பதில் அதே வழியில் திரும்பி வருகிறது, காதிலிருந்து காதுக்கு. ஒவ்வொரு முகமும் அதைக் கேட்டதும் ஒரு நொடி நின்று, பிறகுதான் அடுத்தவன் பக்கம் திரும்புகிறது. என்ன பதில் என்று நமக்குத் தெரிந்துவிட்டது. கோடிக்கு மட்டும் தெரியாது.

அது அவன் காதுக்கு வந்து சேரும் முன்பே அம்மா என் கையைப் பிடித்துவிட்டார். "அம்மா போயிட்டாளா?"

ஆமாம் என்றேன்.

"ஏண்டா, சாப்பிட உக்காந்தவன்கிட்டயா இந்தச் சேதியைச் சொல்லுவாங்க?"

அதற்கப்புறம் நடப்பது தெரிந்ததுதான். தொண்டையின் அடியிலிருந்து ஒரு சத்தம், அழுகையா உறுமலா என்று பிரிக்க முடியாது. மேஜை மேல் ஏறித் தவழ்கிறான், தட்டுகள் பறக்கின்றன, ஓடிவரும் காவலர்களை ஒவ்வொருவராகக் குத்திச் சாய்க்கிறான், கடைசியில் கத்தக் கத்தத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கூடம் முழுக்க அத்தனை பேர், ஒருவர் வாயிலும் சத்தமில்லை.

முதல் பதிவில் கடைசிக் காட்சிக்காகப் பாருங்கள் என்று எழுதினேன் இல்லையா, அதை வாபஸ் வாங்குகிறேன். படம் இங்கே இருக்கிறது. அந்த வெடிப்பெல்லாம் இதன் கரும காரியம்.

பிப்ரவரி 13

"ஓவர் ஆக்டிங்" என்று ஒரே வார்த்தையில் ஒருவர் முடித்துவிட்டார்.

சரி, ஓவர்தான். எழவு வீட்டில் அளவாக யார் அழுகிறார்கள்? கேக்னி தன் சுயசரிதையில் இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்: சிறுவயதில் நியூயார்க்கில் மனநோய் மருத்துவமனைக்கு ஒருமுறை போனபோது கேட்ட கத்தல்கள் மனதில் கிடந்தன, அதைத்தான் எடுத்துப் பயன்படுத்தினேன் என்று. அடிப்படையில் அவர் நடனக்காரர். மேடையில் ஆடி வயிறு வளர்த்தவர். அந்தக் காட்சியைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கால் எங்கே ஊன்றுகிறது, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கணக்கு தெரியும். தறிகெட்டு ஓடுவதுபோல இருக்கும், ஒரு அடி தவறாது.

அடக்கி வாசிப்பதுதான் நல்ல நடிப்பு என்று எப்போதிலிருந்து முடிவானது? சிவாஜியைப் பார்த்து வளர்ந்த நாம் இதைக் கேட்கலாமா?

பிப்ரவரி 15

மடியில் உட்காரும் காட்சிக்குத் திரும்புகிறேன். இழை தொடங்கியதே அதில்தான், அதை விட்டுவிட்டு எங்கெங்கோ போய்விட்டேன்.

எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. கல்லூரி நாளிலிருந்து. இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி அடிப்பதுபோலத் தொடங்கும், வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. அம்மா சுக்கை இழைத்துச் சூடாக்கி நெற்றியில் பற்றுப் போடுவார். அது காய்ந்து தோலை இழுக்கும்போது வலி கொஞ்சம் நகரும். நகர்ந்ததா, நகர்ந்ததாக நினைத்துக்கொண்டேனா தெரியாது. இப்போது மாத்திரை இருக்கிறது. இருந்தும் போன வருடம் ஒரு முறை, 40 தாண்டிய நான், அம்மா மடியில் தலைவைத்துப் படுத்தேன். என் மகள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாள். அவளும் சிரித்திருப்பாள்.

கோடிக்குத் தலைவலி வரும்போது கேக்னி முகத்தைச் சுளிப்பதோடு விடவில்லை. துப்பாக்கி கையிலிருந்து நழுவுகிறது, கட்டிலில் விழுகிறான், தலையை மெத்தையில் தேய்க்கிறான். அம்மா வந்து உடனே கதவைச் சாத்துகிறாள். அதுதான் எனக்கு முக்கியம். வெளியே இருக்கும் அடியாட்கள் பார்த்துவிடக் கூடாது. பிடரியை அழுத்திவிடுகிறாள், அவன் அப்படியே அவள் மடியில் உட்காருகிறான். வலி விட்டதும் உடனே எழுந்து போகப் பார்க்கிறான். 'கொஞ்சம் இரு, இப்படியே போகாதே' என்பதுபோல நிறுத்துகிறாள். முகம் சரியான பிறகுதான் வெளியே அனுப்புகிறாள். தாதாவை வீட்டுக்குள் தயாரித்து அனுப்புகிற அம்மா.

போலீஸ்காரர்கள் பின்னால் ஒரு விளக்கம் தருகிறார்கள். சின்ன வயதில் அம்மாவைத் தன் பக்கம் இழுக்கத் தலைவலி என்று பொய்யாக நடிப்பானாம், பிறகு அது நிஜமாகவே வந்துவிட்டதாம். அப்பா பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இறந்தவர். இந்த மனோதத்துவமெல்லாம் அந்தக் காலத்து ஹாலிவுட்டின் வியாதி, எதற்கும் ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். எனக்கு அது தேவைப்படவில்லை. கதவைச் சாத்தியதே போதும்.

அம்மாவாக நடித்த மார்கரெட் வைச்சர்லி, 1941-ல் 'சார்ஜென்ட் யார்க்' படத்தில் சாதுவான ஏழைத் தாயாக நடித்து ஆஸ்கருக்குப் பரிந்துரை வரை போனவர். அதே முகம்தான் இங்கே. அதனால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

பிப்ரவரி 15, பிறகு

யாரோ தனிமடலில் சுக்கோடு என்ன சேர்ப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். வெந்நீர் மட்டும். கண்ணில் பட்டால் நான் பொறுப்பில்லை.

பிப்ரவரி 17

என் அம்மாவின் தீர்ப்பைச் சொன்னால் இங்கே சண்டை வரும். இருந்தாலும் சொல்கிறேன்: படத்தில் வில்லன் ஃபாலன்.

எட்மண்ட் ஓ'பிரையன் நடித்த ஹாங்க் ஃபாலன் கருவூலத் துறையின் ஆள். விக் பார்டோ என்ற பெயரில் கைதியாக வேஷம் போட்டு, கோடியின் அறையிலேயே வந்து சேர்கிறான். தொழிற்கூடத்தில் அவன் தலைமேல் விழ இருந்த இரும்பிலிருந்து தள்ளிவிட்டுக் காப்பாற்றுகிறான். அவனுக்குத் தலைவலி வரும்போது மற்றவர்களுக்குத் தெரியாமல் மறைத்து, பிடரியை அழுத்திவிடுகிறான். அம்மா செய்த அதே வேலை. அம்மா போன பிறகு அந்த இடத்தில் இவன் உட்காருகிறான், கையில் போலீஸ் பேட்ஜோடு.

தப்பித்து வந்த பின் ஒரு காட்சி. இரவு, வீட்டுக்கு வெளியே மரங்களுக்கு நடுவே கோடி தனியாக நடந்துவிட்டு வருகிறான். அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று ஃபாலனிடம் வெட்கமில்லாமல் சொல்கிறான். வேறு யாரிடமும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். அம்மாவுக்குக் கொடுத்ததுபோலக் கொள்ளையில் பாதிப் பங்கும் இவனுக்கு. ஃபாலன் அதையெல்லாம் வாங்கிக்கொண்டு, ரேடியோவைப் பிரித்து ஒரு கருவி செய்து, கொள்ளைக்குப் போகும் டேங்கர் லாரியின் அடியில் ஒட்டுகிறான். இரண்டு கார்களில் வளைய ஆண்டெனாவைச் சுற்றிச் சுற்றி சிக்னல் வரும் திசையைப் பார்த்து, வரைபடத்தில் இரண்டு கோடு இழுத்து, அவை வெட்டும் இடத்தில் லாரியைப் பிடிக்கிறது போலீஸ்.

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றான்" என்றார் அம்மா. அதற்குமேல் ஃபாலன் திரையில் வந்தபோதெல்லாம் 'க்கும்' என்றார்.

பிப்ரவரி 17, இரவு

எதிர்பார்த்த சண்டை வந்துவிட்டது. "கடமையைச் செய்த அதிகாரி வில்லனா?" என்று நாலு பேர். நியாயம்தான். அம்மாவின் கட்சியில் நின்று நான் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன்.

கோடி யார் என்பதையும் எழுதவேண்டும். தன் பெயர் காதில் விழுந்துவிட்டது என்பதற்காக ரயில்காரர்களைச் சுட்டவன். நீராவி அடித்து முகம் வெந்துபோன சொந்தக் கூட்டாளியை மலைக்குளிரில் விட்டுவிட்டு, முடித்துவிட்டு வா என்று இன்னொருவனை அனுப்பியவன். அப்புறம் அந்தக் கோழிக்கால்! ஜெயிலில் தன்னைக் கொல்லப் பார்த்த ஆளைக் கார் டிக்கியில் அடைத்துக் கொண்டுவந்திருக்கிறான். உள்ளே மூச்சு முட்டுகிறது என்று அவன் குரல் கேட்கிறது. 'அப்படியா, காற்று வேணுமா' என்று டிக்கி மூடியிலேயே சுட்டு ஓட்டை போடுகிறான். ஒரு கையில் துப்பாக்கி, இன்னொரு கையில் கடித்த கோழிக்கால். மெல்லுவது நிற்கவே இல்லை.

இவனுக்காகத்தான் ஃபாலனைத் திட்டினோம். படம் நம்மை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டது, நாங்கள் கவனிக்கவில்லை.

ஆனால் கடைசியில் உருண்டை மேல் நிற்கும் அவனைத் தூரத்திலிருந்து குறிபார்த்துத் துப்பாக்கியால் ஒன்றுக்குமேல் சுடுகிறவன் ஃபாலன்தான். விழமாட்டேன் என்கிறான் கோடி. "இவனை எதுதான் தாங்கிப் பிடிச்சிருக்கு?" என்று ஃபாலனே கேட்கிறான். அதற்கப்புறம்தான் கோடி தன் காலடியில் கலனைச் சுடுகிறான். அம்மா அப்போதும் 'க்கும்' என்றதைப் பதிவு செய்கிறேன்.

பிப்ரவரி 20

'பப்ளிக் எனிமி'யின் முடிவு ஞாபகம் இருக்கிறதா? அம்மா மாடியில் பாட்டுப் பாடிக்கொண்டு மகனுக்குப் படுக்கை விரிக்கிறாள். கதவு தட்டும் சத்தம். திறந்தால் கட்டுப்போட்டுச் சுற்றிய உடம்பு அப்படியே வீட்டுக்குள் முகம் குப்புற விழுகிறது. அதுவும் கேக்னிதான், 1931. அங்கே பிணம் அம்மாவைத் தேடி வாசலுக்கு வந்தது. 18 வருடம் கழித்து அம்மாவின் சாவு மகனைத் தேடிச் சோற்றுத் தட்டுக்கு வருகிறது. திட்டமிட்டுச் செய்தார்களா தெரியாது. எனக்கு இரண்டும் ஒரே படத்தின் இரண்டு ரீல் மாதிரி ஆகிவிட்டது.

கோடியின் மனைவி வர்னாவைப் பற்றி யாரும் பேசவில்லையே! வர்ஜீனியா மேயோ, குறட்டை விட்டபடி அறிமுகமாகும் கதாநாயகி. முத்தத்துக்கு முன் வாயிலிருக்கும் சூயிங்கத்தைத் துப்புகிறாள். மாமியாரை முதுகில் சுட்டவள் இவள்தான், பழியைக் கள்ளக்காதலன் எட் மேல் போட்டுத் தப்பிவிடுகிறாள். கோடிக்குக் கடைசிவரை உண்மை தெரியாது. அந்தச் சாவைத் திரையில் காட்டவே இல்லை என்பதை இரண்டாம் தடவைதான் கவனித்தேன். நமக்கும் சேதிதான் வருகிறது.

பிப்ரவரி 21

கடைசி வெடிப்பு அணுகுண்டைக் குறிக்கிறது என்று ஒரு வாதம் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. படம் வந்தது 1949 செப்டம்பர், ரஷ்யா அணுகுண்டு வெடித்தது ஆகஸ்ட் கடைசியில், ஆகவே பார் என்பார்கள். படத்தை அதற்கு முன்பே எடுத்து முடித்தாயிற்று. ஹிரோஷிமா எல்லார் மனதிலும் இருந்திருக்கும், மறுக்கவில்லை.

எனக்குத் தலைப்பே போதும். எங்கள் தெருக்கோடியில் ஒரு கொல்லுப்பட்டறை இருந்தது. இரும்பு முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளிக்கும், ஊதிக்கொண்டே இருந்தால் வெளுக்கும். வெளுத்தால் பொறி பறக்க ஆரம்பிக்கும், அதற்குமேல் உலையில் விட்டால் இரும்பே எரிந்து வீணாகிவிடும் என்பார் ஆசாரி. கலரில் எடுத்திருந்தால் அந்தக் கடைசி நெருப்பு ஆரஞ்சாகப் போயிருக்கும். கறுப்பு வெள்ளையில்தான் அது வெளுக்கிறது. தம்பி கேட்டாரே, கறுப்பு வெள்ளைக்கு மரியாதை எதற்கு என்று. இந்த ஒரு ஷாட்டுக்காகத் தரலாம்.

பிப்ரவரி 27

கேள்வி கேட்ட தம்பி முழுப்படமும் பார்த்துவிட்டாராம். "மடிக்காட்சி இன்னும் சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் சாப்பாட்டுக்கூடத்துக்குப் பிறகு அதை நினைத்தால் சிரிக்க முடியவில்லை" என்று எழுதியிருக்கிறார். எனக்கு 25 வருடம் ஆனது, இவருக்கு 3 வாரம்.

இன்று மதியம் அம்மா திடீரென்று கேட்டார், அந்தப் பழம் என்ன ஆச்சு என்று. எந்தப் பழம்? போலீஸ் தேடிக்கொண்டிருக்கும்போது, மகனுக்குப் பிடிக்கும் என்று அந்தம்மா மார்க்கெட்டுக்குப் போய் ஸ்ட்ராபெரி வாங்குவாள் இல்லையா, அந்தப் பழம். அதை வாங்கப் போய்த்தான் மூன்று கார்கள் மாறி மாறி அவளைப் பின்தொடர்ந்து வரும், மறைவிடமே காட்டிக்கொடுக்கப்படும்.

"அவ்வளவு தூரம் போய் வாங்கினாளே, அவன் சாப்பிட்டானா இல்லையா?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.